ஃபோர்டு ஜிபிடபிள்யூ: ஹெட் ஸ்டட் அசையவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

வணக்கம். போடி மேல ஒரு ஏலத்தோட்டக் கொட்டகையில ரொம்ப வருஷமா கிடந்த ஜீப் கைக்கு வந்திருக்கு. என்ஜின் ஸ்டார்ட் ஆகலை.

வித்தவர் மஹிந்திரான்னுதான் சொன்னார். முன் கிரில்லில் ஒன்பது துவாரம் இருக்கே, மஹிந்திராவுல அவ்வளவு இருக்காதேன்னு சந்தேகம் வந்தது. முன் பம்பருக்குப் பின்னாடி ஃபிரேமின் குறுக்குச் சட்டம், இதே ராணுவ ஜீப்பைச் செஞ்ச இன்னொரு கம்பெனியான வில்லிஸோட வண்டியில உருண்டைக் குழாயா இருக்கும். இதுல கவிழ்த்துப் போட்ட ‘யு’ வடிவம். பெயிண்டைச் சுரண்டினா நீலம், சில்வர், அடியில ராணுவப் பச்சை. போல்ட் தலைகளில் பொடிசா ‘எஃப்’ முத்திரை. ஆக இது 1942-45 ஃபோர்டு ஜிபிடபிள்யூ, ரெண்டாம் உலகப் போர் கால ராணுவ ஜீப். ஆனா என்ஜின் பிளாக் நம்பர் ‘எம்பி’ன்னு ஆரம்பிக்குது, அதாவது வில்லிஸ் என்ஜின். எங்கேயோ மாத்தியிருக்காங்க, அதுல எனக்கு வருத்தமில்லை.

கிராங்க் கம்பி போட்டா என்ஜின் சுத்துது. புது 6 வோல்ட் பேட்டரி, பாயிண்ட், கண்டென்சர் போட்டாச்சு, ஸ்பார்க் நல்லா வருது. கார்ட்டர் கார்புரேட்டரைக் கழுவி மாட்டியாச்சு. 1, 4-வது சிலிண்டர்ல கம்ப்ரஷன் இருக்கு; 2, 3-ல் சுத்தமா இல்லை. என்ஜினோட பக்கவாட்டு மூடியைத் திறந்து பார்த்தேன், அந்த ரெண்டிலும் வால்வு எல்லாம் ஒழுங்கா ஏறி இறங்குது. அந்த ரெண்டுக்கும் நடுவுல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில வர்ற அடைப்புத் தகடு) போயிருக்கணும்.

அதைப் பார்க்க ஹெட்டை, அதாவது சிலிண்டர்களுக்கு மேல இருக்கிற மூடியைக் கழற்றணும். அது பிளாக்குல திருகி நிக்கிற ஸ்டட்டுகள்ல நட்டு போட்டு இறுக்கியிருக்கு. டீசலும் கியர் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற வெச்சேன், கேஸ் வெச்சுச் சூடும் காட்டினேன். நட்டைத் திருப்பினா ஸ்டட்டும் சேர்ந்து முறுக்குது, விட்டா திரும்பி வந்துடுது. டீசல் என்ஜின் மாட்டிடலாம்னு மெக்கானிக் சொல்றார். அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஸ்டட் முறியாம, பிளாக்கும் விரிசல் விடாம இந்த நட்டுகளை எப்படிக் கழற்றுறது?