ஹட்டன் பேருந்தில் ஒருமுறைகூட விழவில்லையாம்

கொட்டகலைக்காரன்:
காதுத் துளையை அடைக்காத திறந்த வகை இயர்பட்ஸை இரண்டு ஆண்டுகளாகப் பாவிப்பதாகவும், நுவரெலியா–ஹட்டன் பேருந்தில் நின்றுகொண்டு வரும்போதுகூட அது ஒருமுறையேனும் விழவில்லை என்றும் நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். நானும் அதே வகையை எட்டு மாதங்களாகப் பாவிக்கிறேன். சிலிக்கன் நுனிகூட இல்லாமல் காது மடலின் குழியில் வெறுமனே சாய்ந்திருக்கும் ஒரு பிளாஸ்டிக் துண்டு நானுஓயாவைத் தாண்டிய வளைவுகளில் அசையாமல் இருக்கிறதென்றால், அவருடைய காதை ஆசாரி அளவெடுத்துச் செதுக்கியிருக்க வேண்டும். எனக்கு வலது பக்கம் மூன்று முறை விழுந்தது. மூன்றாம் முறை ஓர் அம்மாவின் லீக்ஸ் கட்டுகளுக்குள் போய், தலவாக்கலை வரைக்கும் அங்கேயே பாடிக்கொண்டு வந்தது.

பனிக்கூதல்:
அந்த 'ஒருவர்' நான்தான். பெயரைச் சொன்னால் குறைந்துவிட மாட்டீர்கள். 2016இல் அப்பிள் நிறுவனத்தின் கம்பியில்லா இயர்பட்ஸான எயார்பொட்ஸ் முதன்முதலில் வந்தபோதே விழும், தொலையும் என்று பலர் கேலி செய்தார்கள். இயர்பட்ஸின் கீழே நீளும் தண்டுப் பகுதியை வாய்ப்பக்கமாகச் சற்றுத் திருப்பி வைத்தால், காதின் முன்னாலுள்ள குருத்தெலும்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அடைக்கும் வகையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் என் காலடியே மண்டைக்குள் இடிக்கிறது, மிக்சர் தின்றால் கல்லுடைப்பது போலக் கேட்கிறது. அந்தத் தொல்லை இதில் இல்லை. குல்லாவைக் கழற்றும்போது ஓரிரு முறை வெளியே வந்ததுண்டு, அது வேறு விடயம்.

கொட்டகலைக்காரன்:
'ஓரிரு முறை' என்று தாமே எழுதிவிட்டார், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியாவில் குடியிருப்பவருக்குக் குல்லா வேறு விடயமாம்!

பனிக்கூதல்:
அது விழுந்ததல்ல, இழுபட்டது.

கொட்டகலைக்காரன்:
இழுபட்ட பிறகு மேலேயா பறந்தது? கீழேதானே விழுந்தது?

மூன்றாம் லயம்:
விழுவது ஒருபுறம் இருக்கட்டும். அம்மா கொழுந்தெடுக்கும்போது ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு வானொலி கேட்பார். குளவி கலைந்துவிட்டதென்று பக்கத்து நிரையில் யாராவது கத்தினால் உடனே கேட்க வேண்டும் என்பதற்காகவே அடைக்காத வகையாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். பேருந்துக் கதையை வைத்துக்கொண்டு இதைக் குப்பை என்பது சரியல்ல.

கொட்டகலைக்காரன்:
குப்பை என்று நான் எங்கே எழுதினேன்? அம்மாவுக்கு விழுந்ததா, இல்லையா? அதைச் சொல்லுங்கள், தம்பி.

மூன்றாம் லயம்:
தலைத்துண்டை இறுக்கிக் கட்டுவதால் விழுவதில்லை.

கொட்டகலைக்காரன்:
ஆகவே அதைத் தாங்குவது துண்டு. என் கட்சிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஹப்புத்தளை அக்கா:
நீங்கள் இருவரும் காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். சத்தத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. ரயில் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்ததும் இந்த வகையில் பாட்டு அடியோடு அமுங்கிவிடும். வெளிச் சத்தம் தாராளமாக உள்ளே வருவதால் எல்லோரும் ஒலியைக் கூட்டுவார்கள், கொட்டகலையில் வெளிச்சம் வந்த பிறகும் குறைக்க மறந்துவிடுவார்கள். வயது வந்தவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலம்தான் எல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. போன கிழமை எதிர் இருக்கையிலிருந்த பையனின் பாட்டு முழுவதையும் நானும் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

பனிக்கூதல்:
அக்கா, 2024இல் வந்த எயார்பொட்ஸ் 4இல் காதை அடைக்காமலேயே இரைச்சலைக் குறைக்கும் வசதியுள்ள வகையும் இருக்கிறது.

ஹப்புத்தளை அக்கா:
துளை திறந்திருக்கும்போது எவ்வளவுதான் குறைக்க முடியும்? கதவைத் திறந்துவைத்துவிட்டுக் குளிரை விரட்டுவது போலத்தான் அதுவும்.

கொட்டகலைக்காரன்:
சத்தம் பிறகு, அக்கா. காதில் நின்றால்தானே சத்தம்? இதே பனிக்கூதல் மார்ச் மாதம் தன்னுடையது மழைக்கு அசையாது என்று எழுதி, நான் அதிலுள்ள ஐபிஎக்ஸ்4 என்ற நீர்த்தாங்கு தரக்குறியீடு தெறிக்கும் நீருக்கு மட்டுந்தான், வாளித் தண்ணீருக்குள் விழுந்தால் உதவாது என்று விளக்கியபோது என்னை 'கொட்டகலைப் பேராசிரியர்' என்று நக்கலடித்தவர். நான் மறக்கவில்லை.

பனிக்கூதல்:
மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வெளிப்படையாகவே சொல்லுங்கள், பேராசிரியரே. விழவில்லை என்பதில் மாற்றமில்லை.

மூன்றாம் லயம்:
அம்மா கேட்கிறார், லீக்ஸ் கட்டுக்குள் விழுந்ததை அந்த அம்மா திருப்பித் தந்தாரா?

கொட்டகலைக்காரன்:
தந்தார், மண்ணோடு. இன்று காலை ஹட்டன் பேருந்து நிலையத்தில் இடதும் விழுந்தது. நான்காகக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பனிக்கூதல்:
குல்லா போட்டிருந்தீர்களா?