வீட்டில் செய்த இரண்டு எல்இடி சைக்கிள் விளக்குகள்: எதை அளந்து ஒப்பிடுவது?

வழித்துணை:

வணக்கம். சைக்கிளின் கைப்பிடியில் பொருத்துவதற்காக இரண்டு முன்விளக்குகளைச் செய்திருக்கிறேன். முதலாவதில் க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்பி-ஜி வகை எல்இடிகள் மூன்று தொடராக இணைக்கப்பட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒளியை 25 டிகிரி கோணத்தில் விரிக்கும் லென்ஸ் பொருத்தப்பட்டிருக்கிறது. தொடராக வைத்த மூன்று 18650 செல்களிலிருந்து (மறுபடி ஏற்றக்கூடிய லித்தியம் செல்கள்), மின்னோட்டத்தை 700 மில்லிஆம்பியரில் நிலையாக வைத்திருக்கும் டிரைவர் வழியாக அது எரிகிறது. இரண்டாவதில் அதே நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் வகை எல்இடி ஒன்றே ஒன்றுதான்; ஆழமான, வழவழப்பான ரிஃப்ளெக்டர், ஒரு 18650 செல், இடையில் 1.2 ஓம் மின்தடை, அவ்வளவே.

சுவரில் அடித்துப் பார்த்தால் இரண்டாவதுதான் கண்ணைக் கூச வைக்கிறது. ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை 1 மீட்டர் தொலைவில் பிடித்தாலும் அதுவே முந்துகிறது. ஆனால் இருண்ட சாலையில் ஓட்டும்போது குழியும் மேடும் ஓரத்து மண்ணும் முதல் விளக்கில்தான் தெளிவாகத் தெரிகின்றன. செல்பேசியில் எடுத்த படங்களிலோ இரண்டுக்கும் வேறுபாடே இல்லை. எந்த அளவீட்டை நம்பி ஒப்பிட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஒளிமானி:

மீட்டர் ஒளிக்கற்றையின் நடுப்பகுதியை மட்டுமே பார்க்கிறது; சாலையில் நீங்கள் பார்ப்பது கற்றை முழுவதையும். ரிஃப்ளெக்டர் தன் வெளிச்சத்தின் பெரும்பங்கை நடுவில் குவிப்பதால் அங்கே லக்ஸ் உயர்வது இயல்புதான். தவிர, 1 மீட்டர் மிகவும் குறைவு. அவ்வளவு அருகில் ரிஃப்ளெக்டரின் கற்றை சரியாக உருவாகியிருக்காது, மூன்று லென்ஸ்களின் கற்றைகளும் முழுமையாக ஒன்றுசேர்ந்திருக்காது. குறைந்தது 5 மீட்டரிலாவது அளந்து பாருங்கள்; 5 மீட்டரில் கிடைக்கும் லக்ஸை 25ஆல் பெருக்கினால் கேண்டெலா, அதாவது அந்தத் திசையில் ஒளியின் செறிவு, கிடைக்கும். அதை 100ஆல் வகுத்தால் 10 மீட்டரில் விழும் லக்ஸ் தெரியும். ஜெர்மனியின் சைக்கிள் விளக்கு விதிகளும் அந்த 10 மீட்டர் அளவையே அடிப்படையாகக் கொண்டிருக்கின்றன.

மொத்த வெளிச்சத்தை, அதாவது லூமனை ஒப்பிட, வெள்ளைச் சுவர்கள் கொண்ட சிறிய அறையில் விளக்கைக் கூரையை நோக்கி நிறுத்திவிட்டு, விளக்கு நேரடியாகத் தெரியாத ஒரு மூலையில் மீட்டரை வைத்துப் படியுங்கள். அந்த எண்ணுக்குத் தனியாகப் பொருளில்லை. இரு விளக்குகளின் எண்களுக்கு இடையிலான விகிதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் விட, சாலையில் ஒளி விழும் கோணத்தைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கைப்பிடியிலிருந்து வரும் ஒளி சாலையின் மேல் மிகவும் சாய்வாக விழுவதால், தரையின் வெளிச்சம் தொலைவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) அல்ல, ஏறத்தாழ மும்மடிக்கு (கனத்துக்கு) ஏற்பக் குறைகிறது. 5 மீட்டரில் தரை எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறதோ அதே வெளிச்சம் 10 மீட்டரிலும் வேண்டுமென்றால், அந்தத் திசையில் 8 மடங்கு செறிவு தேவை. ஆகவே நல்ல சைக்கிள் கற்றை என்பது மேல் விளிம்பில் மிகச் செறிவாகவும், கீழே வர வர வேகமாக மங்குவதாகவும், பக்கவாட்டில் அகன்றதாகவும் இருக்க வேண்டும். வட்டக் கற்றையில் கிட்டத்தட்டப் பாதி ஒளி சாலையைத் தொடாமலே எதிரே வருபவர் முகத்துக்கும் மரக்கிளைகளுக்கும் போய்விடுகிறது. உங்கள் இரு விளக்குகளுக்கும் இந்தக் குறை உண்டு; முதலாவது அகன்றிருப்பதால் அருகிலும் ஓரங்களிலும் நன்றாகக் காட்டுகிறது.

ஓம்விதி:

மேலே சொன்னவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டாவது விளக்கை நீங்கள் எந்த நேரத்தில் அளந்தீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறிவிடும். முழுதாக ஏற்றிய செல் 4.2 வோல்ட் தருகிறது. எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொண்டால், மீதி 1.2 வோல்ட் உங்கள் 1.2 ஓம் தடையில் விழுந்து 1 ஆம்பியர் ஓடும். செல் 3.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது, எல்இடி எடுப்பதும் சற்றுக் குறைவதால், தடைக்குக் கிடைப்பது ஏறத்தாழ 0.7 வோல்ட் மட்டுமே, ஆகவே மின்னோட்டம் 0.6 ஆம்பியருக்கு அருகில் வந்துவிடும். டிரைவர் வைத்த விளக்கையும் மின்தடை மட்டும் வைத்த விளக்கையும் ஒருமுறை அளந்து ஒப்பிடுவதில் பயனில்லை. செல் நிறைந்திருக்கும்போதும் பாதியான பிறகும் அளவெடுங்கள், ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வெப்பம். எல்இடிக்குப் போகும் மின்திறனில் பாதிக்கு மேல் வெப்பமாகவே வெளியேறுகிறது. சூடு ஏற ஏற வெளிச்சம் குறையும். முதல் விளக்கு 6 வாட்டுக்கு மேல் எடுப்பதால், போட்ட உடனே கிடைக்கும் அளவைப் பெரிதாக எண்ண வேண்டாம். ஓடும் சைக்கிளின் காற்றுக்கு ஈடாக ஒரு மேசை விசிறியை முன்னால் வைத்து, 20 நிமிடம் எரியவிட்ட பிறகு அளவெடுங்கள். எல்இடி பலகைக்கும் அதன் வெப்பத்தை வாங்கும் அலுமினியத்துக்கும் இடையில் வெப்பத்தைக் கடத்தும் பசை மெல்லிய படலமாக இருந்தால் போதும். தடித்துவிட்டால் அதுவே வெப்பத்துக்குத் தடையாகும்.

நிழற்பெட்டி:

படங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். செல்பேசி கேமரா ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தைத் தானாகவே சரிசெய்துகொள்வதால், மங்கலான விளக்கும் பிரகாசமான விளக்கும் படத்தில் ஒன்றுபோலத் தெரியும். ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்), வெள்ளைச் சமநிலை மூன்றையும் கையால் பூட்டிவிட்டு, ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், சாலையில் 5 மீட்டருக்கு ஓர் அடையாளம் வைத்து எடுத்தால்தான் அந்தப் படம் எதையாவது நிறுவும்.

வழித்துணை:

மூவருக்கும் நன்றி. கூரைச் சோதனையில் முதல் விளக்கு ஏறத்தாழ இருமடங்கு காட்டியது. 5 மீட்டரில் நடுப்பகுதியில் மட்டும் இரண்டாவது முன்னே நின்றது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தபோது இரண்டாவது கண்ணுக்கே தெரியும்படி மங்கியிருந்தது. அதற்கும் ஒரு டிரைவர் வாங்கப்போகிறேன். முதல் விளக்கில் எதிரே வருபவருக்குக் கூசாமல் இருக்க, மேலே ஒரு தகரத் தடுப்பு வைத்தால் போதுமா?

ஒளிமானி:

தடுப்பு கூச்சத்தைக் குறைக்கும், ஆனால் அந்த ஒளி வீணாகும். லென்ஸை மாற்றிப் பாருங்கள்: நடுவில் உள்ளதற்கு 10 டிகிரி லென்ஸ், மற்ற இரண்டுக்கும் பக்கவாட்டில் அகன்று மேல்கீழாகக் குறுகியிருக்கும் நீள்வட்டக் கற்றை லென்ஸ். பிறகு சைக்கிளைச் சுவரிலிருந்து 5 மீட்டரில் நிறுத்தி, நீங்கள் ஏறி அமர்ந்த நிலையில் விளக்கின் உயரத்தைச் சுவரில் குறியுங்கள். விளக்கு 90 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், செறிவான பகுதி அந்தக் குறிக்குச் சுமார் 22 சென்டிமீட்டர் கீழே விழ வேண்டும். அப்போது அது சாலையை 20 மீட்டரில் தொடும்.

நீள்வட்ட லென்ஸை ஒட்டுவதற்கு முன் விளக்கை எரியவிட்டுத் திசையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் 90 டிகிரி திரும்பியிருந்தால் சாலையின் அகலத்துக்குப் பதிலாக வானம் வரை ஒரு பட்டை எழும்பும். ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ வேண்டாம். அதன் ஆவி லென்ஸின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். எபாக்சி போதும்.