இரண்டு பேர் இரண்டு ஆர்டர் போட்டால்? ரங்ரூட் (ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்தவர்) நாட்களில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

தேனிக்காரன்

பயிற்சி சென்டர் பெயர் வேண்டாம். சேர்ந்து ஆறாவது வாரம். எனக்குத் தெரிந்த ஹிந்தி சாவ்தான் (விறைத்து நில்), விஷ்ராம் (இலகுவாக நில்), தேஜ் சல் (வேகமாக நட), தம் (நில்), அவ்வளவுதான். அதுவும் அர்த்தம் புரிந்து செய்ததில்லை, பக்கத்தில் நிற்பவன் கால் எப்படிப் போகிறதோ அப்படியே என் காலும் போகும். அன்று ரூட் மார்ச் முடிந்து எங்கள் செக்ஷன் பிட்டூ (முதுகுப் பை) பத்தையும் மரத்தடியில் வரிசையாக வைத்துவிட்டு மற்றவர்கள் குளிக்கப் போனார்கள். லான்ஸ் நாயக் என்னைக் காட்டி "இதர் ரஹோ, ஹில்னா நஹீ" என்றார், இங்கேயே இரு, அசையாதே என்று. நின்றேன். அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த சுபேதார் சாப் ஏன் நிற்கிறாய், டீ முடியப் போகிறது, லங்கருக்கு (சமையல்கூடம்) போ என்று கையைக் காட்டினார். சுபேதார் பெரியவர், லான்ஸ் நாயக் சின்னவர், எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான். ஓடிவிட்டேன். அந்த நேரம் பார்த்து அடுத்த பட்டாலியன் பையன் ஒருவன் தன்னுடையது என்று நினைத்து ஒரு பிட்டூவை எடுத்துப் போய்விட்டான்.

பத்து நிமிடத்தில் பை கிடைத்துவிட்டது. ஆனால் லான்ஸ் நாயக் என்னை ஒன்றும் செய்யவில்லை, "நீ பார்" என்று சாவ்தானில் நிறுத்திவிட்டு மற்ற ஒன்பது பேரையும் ஜல்லியில் ஃபிரண்ட் ரோல் போடச் சொன்னார். அன்று ராத்திரி குழாயடியில் பெல்லாரிப் பையன் ஒருவன் முழங்கையில் ஏறியிருந்த சின்னச் சின்னக் கல்லை டூத் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தான். நான் பக்கெட்டோடு பின்னால் நிற்கிறேன், அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினோரு வருடம் ஆகிறது. நான் செய்தது தப்பா என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பழைய உஸ்தாத்

தம்பி, தப்பு பாதி உன்னுடையது, பாதி உனக்குச் சொல்லித்தராதவர்களுடையது. நான் 24 வருடம் இருந்து ஹவில்தாராக வெளியே வந்தவன், அதில் மூன்று வருடம் சென்டரில் உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவன். எனக்கும் ஒன்று உண்டு. ஒரு பையனை வெயிலில் நிறுத்தி இங்கேயே இரு என்று சொல்லிவிட்டு மறந்துபோனேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் நிற்கிறான். உதடு வெடித்திருந்தது.

அதை விடு. இப்போது சேரப் போகிற பிள்ளைகள் இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும். ஒருவர் ஆர்டர் போட்டு நிற்கும்போது அவரைவிடப் பெரியவர் வேறு ஆர்டர் போட்டால் வாயை மூடிக்கொண்டு ஓடக்கூடாது. "ஸ்ரீமான், இன்னார் என்னை இங்கே நிற்கச் சொல்லியிருக்கிறார்" என்று முதல் ஆர்டரைச் சொல்ல வேண்டும். ஹிந்தி வராவிட்டால் அந்த ஒரு வாக்கியத்தை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதைக் கேட்ட பிறகும் போ என்றால் போக வேண்டும், அப்போது பொறுப்பு அவருடையது. போன கையோடு முதலில் சொன்னவரைத் தேடிப்பிடித்து விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஆர்மி ஆக்ட் 1950, பிரிவு 41. மேலதிகாரி நேரில் போட்ட ஆர்டரை வேண்டுமென்றே எதிர்த்து மீறினால் 14 வருடம் வரை, மற்றபடி மீறினால், போர்ப் பணியில் இல்லாத நேரத்தில், 5 வருடம் வரை சிறை. இதைச் சொல்லிப் பயமுறுத்தாத உஸ்தாத் கிடையாது. ஆனால் அதே பிரிவில் 'சட்டப்படியான கட்டளை' என்றுதான் எழுதியிருக்கிறது. வேலைக்கான ஆர்டர் அது. ஒருவருடைய சொந்தக் கடனுக்கு உன் சம்பளத்தைக் கேட்பது ஆர்டர் ஆகாது. கீழே இருப்பவனை அடித்தாலோ கொடுமைப்படுத்தினாலோ பிரிவு 47, 7 வருடம் வரை. அநியாயம் நடந்தால் கம்பெனி கமாண்டரிடம் புகார் கொடுக்கப் பிரிவு 26 வழி கொடுக்கிறது. அவரை நேரில் பார்க்க இன்டர்வியூ வேண்டும் என்று முறைப்படி கேள், யாரும் மறுக்க முடியாது. ஆனால் முதலில் ஆர்டரைச் செய், பிறகு புகார் சொல். வரிசையில் நின்றுகொண்டு வாதம் பண்ணாதே. வீட்டுக்கு போனில் அழுது, அப்பா வந்து கேட்டில் நிற்கிற வேலையும் வேண்டாம்.

பெங்களூர் பேரக்ஸ்

ஐயா, நீங்கள் சொன்ன சட்டம் எல்லாம் சரி. ஆனால் ஆறு வாரப் பையனுக்கு "யாரும் மறுக்க முடியாது" என்பது எந்தத் தைரியத்தில் வரும்? இன்டர்வியூ கேட்கவும் அதே செக்ஷன் கமாண்டர் வழியாகத்தானே போக வேண்டும்!

நான் மிலிட்டரி போலீஸ். பெண் சிப்பாய்களின் முதல் அணி 83 பேர் 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்தார்கள், நான் அதற்குப் பிறகு வந்தவள். கசம் பரேடுக்கு (உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பு) ஒத்திகை. உஸ்தாத் "தஹினே" (வலப்பக்கம்) என்று இழுத்தார், எல்லாரும் உடம்பை வலப்பக்கம் தயார் செய்துவிட்டோம், "முட்" (திரும்பு) வரவில்லை. தவறான இடத்தில் ஆரம்பித்துவிட்டார் போல. சத்தம் கொஞ்சமும் குறையாமல் "ஜைசே தே" என்றார். முன்பு இருந்தபடியே நில் என்று அர்த்தம். எங்கள் பக்கம் தப்பு நடந்தால் சொல்லும் அதே வார்த்தை, அதே குரல், முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. மறுபடி சரியான இடத்தில் ஆரம்பித்தார். அதுவரை ஆர்டர் என்றால் போட்டது போட்டதுதான் என்று நினைத்திருந்தேன். அந்த மனிதர் மீது எனக்கு வந்த மரியாதை அன்று வந்ததுதான், கத்தினதால் வந்தது இல்லை.

தேனி அண்ணா, உங்கள் லான்ஸ் நாயக்கும் அந்த ஒன்பது பேரையும் நிறுத்தி "ஜைசே தே" சொல்லியிருக்கலாம். சுபேதார் சாப் போகச் சொன்னது அவருக்குத் தெரியுமா? நீங்கள் சொன்னீர்களா?

தெக்கோங் 03

சிங்கப்பூரில் தேசிய சேவை செய்தவன். எங்களுக்கு டிரில் ஆர்டர் எல்லாம் மலாய், உங்கள் சாவ்தான், விஷ்ராம் மாதிரி செடியா, செனாங் டிரி. அதிகாரியை சார், சார்ஜென்டை சார்ஜென்ட், வாரண்ட் ஆபீசரை என்சிக் என்று கூப்பிட வேண்டும், மாற்றிச் சொன்னால் தரையில் கை ஊன்ற வேண்டியதுதான். எனக்கு மறக்காதது கையெறிகுண்டு நாள். அதற்கு முந்தின நாள்வரை என் முகத்துக்கு நேராகக் கத்திய சார்ஜென்ட், அன்று குண்டு எறியும் இடத்தின் பாதுகாப்புச் சுவருக்குள் என் தோள்மேல் கை வைத்து மிக மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். என் கை நடுங்கியது அவருக்குத் தெரிந்தது. எறி என்றார், எறிந்தேன், என் தலையை அவர்தான் கீழே அழுத்தினார். அந்த இரண்டு மாதக் கத்தல் எல்லாம் இந்த ஒரு நொடிக்கா என்று தோன்றியது, இன்னமும் முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. கத்தாமலே சொல்லித்தந்திருந்தாலும் அன்று எறிந்திருப்பேன்.

உஸ்தாத் ஐயா, ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். உங்கள் கதை மூன்று வரி, ஆலோசனை முப்பது வரி. அந்த வெயிலில் நின்ற பையனிடம் என்ன சொன்னீர்கள்?

தேனிக்காரன்

தங்கச்சிக்கு: சொல்லவில்லை. சொல்ல ஹிந்தி இல்லை. தமிழ் தெரிந்த ஒருவர் அந்த வரிசையிலேயே இருந்தார், அவரும் உருண்டுகொண்டிருந்தார்.

பழைய உஸ்தாத்

கோபம் இல்லை தம்பி. ஒன்றும் சொல்லவில்லை. "விஷ்ராம்" என்றேன். இடது காலை எடுத்து வைத்தான், கையைப் பின்னால் கட்டினான், டிரில் புத்தகத்தில் இருக்கிறபடியே. அதற்கு மேல் என்ன செய்வது என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. லங்கரில் சாப்பாடு முடிந்திருந்தது. சமையல்காரரை எழுப்பி நான்கு ரொட்டி போடச் சொன்னேன். அவன் உட்காராமல் நின்றபடியே சாப்பிட்டான், நான் உட்காரச் சொல்லாததால்.