பெட்டியில் 91, செட்டில் 92: ப்ராடோவுக்கு எந்த சூப்பர்சார்ஜர்?

வெள்ளவத்தை வி6
முந்தாநாள் இங்கே ஒரு பையன், தன் 4 லீட்டர் வி6 எஞ்சின் டொயோட்டா ப்ராடோ ஜீப்புக்குக் காடு மேடெல்லாம் தாங்கும் நம்பகமான சூப்பர்சார்ஜர், அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி, எது என்று கேட்டிருந்தான். அதற்கு கொட்டாஞ்சேனை கொமாண்டர் அண்ணன் எழுதிய பதிலை அப்படியே தருகிறேன்: "அமெரிக்க கிட் எதுவென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு பூட்டு. பெட்டியில் 91 ஒக்டேன் என்று போட்டிருப்பான். நம்ம பெற்றோல் செட்டில் 92 அடிக்கிறோம். ஒரு நம்பர் கூடத்தான் இருக்கிறது."

இதைப் படித்ததிலிருந்து எனக்கு நித்திரை இல்லை. ஒக்டேன் என்பது, எஞ்சினுக்குள் அழுத்தும்போது தானாக வெடித்துத் தட்டாமல் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அமெரிக்கன் சொல்லும் 91 வேறு, நம்ம 92 வேறு. அவனுடைய 91, நம்ம ஊர் 95க்குக் கிட்ட வரும். அண்ணன் பேச்சைக் கேட்டுக் காசைக் கொட்டினால் பையனுக்கு மிஞ்சுவது உடைந்த பிஸ்டன்தான்.

சார்ஜர் விஷயத்தில் என் கட்சி ரூட்ஸ் வகை, இரண்டு ரோட்டர் சுழன்று காற்றைத் தள்ளுவது. ஈட்டன் டிவிஎஸ் ரோட்டர் உள்ள கிட், அதாவது மெக்னசன் அல்லது ஹாரப் கம்பனிச் சரக்கு. நாலு இதழ், 160 பாகை முறுக்கு, சத்தமும் சூடும் பழைய மூன்று இதழ் ரோட்டரை விடக் குறைவு. எஞ்சின் 1,500 சுற்றில் தவழும்போதே காற்றைத் தள்ளத் தொடங்கிவிடும். விசிறி போலச் சுழன்று காற்றை வீசும் சென்ட்ரிஃபியூகல் வகை அப்படியில்லை, அதன் அழுத்தம் சுற்றின் வர்க்கத்தோடு ஏறுவது. 6,000 சுற்றில் 8 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 8 றாத்தல்) தருவது 2,000 சுற்றில் ஒன்றுகூடத் தராது. மீமுரே மலை வழியில் லோ ரேஞ்ச் கியர் போட்டு ஊரும்போது அதை வைத்து என்ன செய்ய?

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
தம்பி வி6, இவ்வளவு நீளமாக எழுதியிருக்கிறீர்கள், சந்தோஷம். ஒரேயொரு கேள்வி. 91 பெரிதா, 92 பெரிதா? இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்டுவிட்டு வந்து பதில் சொல்லுங்கள்.

தெஹிவளைத் தம்பி
அண்ணாமார், அந்தப் பையன் நான்தான். ஒரு சந்தேகம். "நம்பகம்" என்று எதைச் சொல்கிறீர்கள்? பழுதாகாமல் ஓடுவதையா, பழுதானால் கொழும்பில் சாமான் கிடைப்பதையா?

டீசல்தாசன்
பெற்றோல்காரர் வீட்டில் எப்போதும் இந்தக் கொழுவல்தான். எழுபது சீரிஸ் லேண்ட் குரூசரை வாங்குங்கள். 4.2 லீட்டர், ஆறு சிலிண்டர் டீசல், 1எச்இசட். ஒக்டேனும் வேண்டாம், சார்ஜரும் வேண்டாம்.

வெள்ளவத்தை வி6
தாசன் அண்ணே, உங்கள் 1எச்இசட் கடுகண்ணாவ மலை ஏற்றத்தை ஏறுவதற்குள் பின்னால் வரும் பஸ்காரன் பென்ஷன் வாங்கிவிடுவான்.

கொமாண்டர் அண்ணனுக்கு: நாம் எத்தனை வகுப்புப் படித்தோம் என்பதில்லை பிரச்சினை. பாகை சென்டிகிரேட் 40க்கும் ஃபரன்ஹீட் 41க்கும் எது சூடு என்று கேட்டால் 41 என்பீர்களா?

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
காய்ச்சலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டது பெற்றோலை. 91ஐ விட 92 பெரிது. பெட்டியில் அச்சடித்திருக்கிறான். நான் பஞ்சிகாவத்தையில் சாமான் எடுக்கத் தொடங்கிய காலத்தில் உங்களில் பாதிப் பேர் ட்ரைசைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தீர்கள்.

பம்பலப்பிட்டி புரொபசர்
கோபிக்காமல் வாசியுங்கள். ஐசோ-ஒக்டேன் என்ற திரவத்துக்கு 100, ஹெப்டேன் என்ற திரவத்துக்கு 0 என்று வைத்துத்தான் இந்த அளவே. அதை அளக்க இரண்டு சோதனைகள் உண்டு. மென்மையான சோதனையில் வருவது ஆர்ஓஎன், கடுமையானதில் வருவது எம்ஓஎன். நம்ம செட்டில் எழுதியிருப்பது ஆர்ஓஎன் மட்டும். அமெரிக்கப் பம்பில் ஒட்டியிருப்பது இரண்டின் சராசரி. நம்ம 92ஐ அங்கே கொண்டுபோனால் 87 என்ற ஸ்டிக்கர்தான் விழும். அதாவது அங்கே இருப்பதில் மலிவான பெற்றோல். கிட்காரன் 91 என்று கேட்பது அங்கத்தைய பிரீமியத்தை.

இன்னொன்றும் பாருங்கள். கொழும்பில் 32 பாகை காற்றை 7 பிஎஸ்ஐக்கு அழுத்தினால், இழப்பே இல்லாத இலட்சிய யந்திரத்தில்கூட அது 68 பாகைக்குப் போகும். நிஜ ரூட்ஸில் 90ஐத் தொடும். அந்தச் சூட்டுக் காற்று 10:1 கொம்பிரஷன் எஞ்சினுக்குள், அதாவது காற்றைப் பத்தில் ஒரு பங்காக அழுக்கும் எஞ்சினுக்குள், போனால் 92 தாங்காது, தட்டும். தட்டலை உணரும் நொக் சென்சர் தீப்பொறியைப் பின்தள்ளும், காசு கொடுத்து வாங்கிய வலு போகும். அதற்கும் மேலே தட்டினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும்.

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
புரொபசர் ஐயா, சராசரி எடுத்தாலும் கூட்டினாலும் பெருக்கினாலும் பெட்டியில் இருப்பது 91. என் டேங்கில் இருப்பது 92.

மற்றது, டொயோட்டாவே எண்பதுகளில் 4ஏ-ஜிஇசட்ஈ எஞ்சினில் சூப்பர்சார்ஜர் வைத்து விற்றது. அது பூட்டின ஏஈ92 லெவின் கார் ஓடினவன் நான். அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே?

வெள்ளவத்தை வி6
திறக்கிறேன். அந்த எஞ்சினுக்கு ஃபெக்டரியிலேயே கொம்பிரஷனை 8:1க்கு இறக்கினார்கள். வேண்டாத நேரம் சார்ஜரைக் கழற்றிவிட மின்காந்த கிளட்சும் வைத்தார்கள். பிறக்கும்போதே சார்ஜரோடு பிறந்த எஞ்சின் அது. உங்கள் ப்ராடோ 10:1. வளர்ந்த பிள்ளைக்குத் தொட்டில் கட்டுகிற கதை இது.

மட்டக்குளி ஜிம்னி
எஞ்சின் கதை எனக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கொமாண்டர் அண்ணன் இங்கே இருப்பதால் கேட்கிறேன். போன வருஷம் கற்பிட்டி மணலில் உங்கள் ப்ராடோ தாண்டு கிடந்தபோது நான் தந்த இழுவைக் கயிறு எங்கே அண்ணே? என் சின்ன ஜிம்னி ஜீப்தான் இழுத்து எடுத்தது, அதை விடுங்கள். கயிறு?

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
கயிறு பத்திரமாக இருக்கிறது. இங்கே பெற்றோல் கதை நடக்கிறது, நடுவில் கயிற்றைக் கொண்டுவராதீர்கள். அன்று தாண்டதற்குக் காரணம் டயரில் காற்று இறக்காதது. அதுவும் உங்கள் ஆட்கள் அவசரப்படுத்தியதால்.

வி6 தம்பிக்கு: நான் 92 அடித்து, 7 றாத்தல் அழுத்தத்தில், நுவரெலியா ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு தட்டல் சத்தம் கேட்கவில்லை. ஏட்டுச் சுரைக்காயா, ஓடிக் காட்டின வண்டியா?

டீசல்தாசன்
றாத்தல் கணக்கில் பாண்தான் விற்பார்கள் அண்ணே.

பம்பலப்பிட்டி புரொபசர்
நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே கடல்மட்டத்தில் ஐந்தில் நாலு பங்குதான். எஞ்சினுக்குள் போகும் காற்றும் குறைவு, குளிரும் வேறு. தட்டாமல் ஏறியதில் ஆச்சரியம் என்ன? சித்திரை மாத வெயிலில் ஏசி போட்டு, ஆள் ஏற்றி, கடுகண்ணாவயில் மூன்றாம் கியரில் மிதித்துப் பாருங்கள். அது சோதனை.

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
கடுகண்ணாவ போகாமல் நுவரெலியாவுக்குப் பறந்தா போனேன்? அதையும் ஏறித்தான் போனேன். 92இல்.

வெள்ளவத்தை வி6
அவிசாவளை, ஹட்டன் பக்கமாகப் போனதாகத்தானே அந்தப் பயணத்துக்குப் படம் போட்டீர்கள்? கித்துல்கலை பாலத்தடியில் தேத்தண்ணி குடிக்கும் படம் இன்னும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
அது வேறு பயணம்.

தெஹிவளைத் தம்பி
அண்ணாமார், 95 அடிக்க நான் ரெடி. அப்படியென்றால் எந்தக் கிட்? எனக்கு இரண்டாம் கைச் சாமானாக ஒரு டிஆர்டி கிட் வருகிறது.

வெள்ளவத்தை வி6
இதுதான் உருப்படியான கேள்வி. டொயோட்டாவின் டிஆர்டி பெயரில் அந்த வி6க்கு வந்ததைச் செய்தது மெக்னசன்தான், சரக்கில் குற்றமில்லை. ஆனால் புதிதாக இப்போது வருவதில்லை. பழைய சாமான் என்றால் முதலில் ரோட்டரைக் கையால் சுழற்றிப் பார். கரகரப்பு இருந்தால் பெயாரிங் போய்விட்டது. அப்புறம் டோர்ச் அடித்து இதழ்களில் கீறல் தேடு. ரோட்டருக்கும் கூட்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளிதான், எயார் ஃபில்டர் சரியாக அடைக்காத வண்டியில் ஓடியிருந்தால் மணல் அதைத் தின்றிருக்கும். கற்பிட்டி போகிற ஆளுக்கு இது முக்கியம். மூக்குப் பகுதியில் கியர் ஒயில் கசிந்த தடம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்.

அடுத்தது எஞ்சின் கம்ப்யூட்டர். அமெரிக்க கிட்டோடு வரும் டியூன், அதாவது அந்தக் கம்ப்யூட்டருக்கான செட்டிங், அமெரிக்க வண்டிக்கு. நம்ம வண்டி ஜப்பானிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வந்தது. இன்ஜெக்டரும் டியூனும் பொருந்தாமல் கலவை மெலிந்தால் 98 அடித்தாலும் எஞ்சின் போகும். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இங்கே ஒரு கராஜில் "செட்டாகிவிடும் மல்லி (தம்பி)" என்று சொல்லியே பூட்டி அனுப்பினார்கள். மூன்று கிழமைதான் ஓடியது.

அதனால்தான் ஹாரப் பக்கம் பார் என்கிறேன். மெல்பர்ன்காரர்கள், நம்மைப் போல வலப்பக்க ஸ்டியரிங். அங்கே பம்பிலும் நம்மைப் போல ஆர்ஓஎன் கணக்குத்தான், 91, 95, 98. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறானோ அது அப்படியே இங்கே பொருந்தும்.

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
பிடிபட்டீர்களா! ஆஸ்திரேலியாவில் 91 விற்கிறான் என்று உங்கள் வாயாலேயே சொல்லிவிட்டீர்கள். அதுவும் நம்ம கணக்கிலேயே 91. அவனே 91இல் ஓடும்போது நான் 92இல் ஓடினால் என்ன குற்றம்? எல்லோரும் இதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளவத்தை வி6
ஐயோ அண்ணே, அந்த 91 சார்ஜர் இல்லாத வண்டிக்கு!

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
91 என்று எழுதினீர்களா இல்லையா?

பம்பலப்பிட்டி புரொபசர்
நான் இன்னொரு முறை விளக்கட்டுமா?

டீசல்தாசன்
வேண்டாம் ஐயா. எனக்கே ஒக்டேன் மணம் அடிக்கத் தொடங்கிவிட்டது. தம்பி, 2020இல் வாகன இறக்குமதி நின்றபோது இந்தப் பெற்றோல் ஜீப்களுக்கு எவ்வளவு கேட்டார்கள் தெரியுமா? அந்தக் காசுக்கு நான்...

மட்டக்குளி ஜிம்னி
தாசன் அண்ணே, அந்தக் கதையை நாங்கள் பத்துத் தரம் கேட்டாயிற்று.

சரி, நானும் பெற்றோல் கதைக்கே வருகிறேன். போன வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆமர் வீதிப் பக்கம் ஒரு செட்டில் வெள்ளை ப்ராடோ ஒன்று நின்றது. பின் கண்ணாடியில் கழுகு ஸ்டிக்கர். என் கயிறு பின்னால் தொங்கியதால் வடிவாக அடையாளம் தெரிந்தது. நின்றது 95 பம்பில்.

வெள்ளவத்தை வி6
😂😂😂

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
அன்று அந்தச் செட்டில் 92 முடிந்திருந்தது.

மட்டக்குளி ஜிம்னி
நான் அடுத்த பம்பில் 92 அடித்துக்கொண்டிருந்தேன் அண்ணே.

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
உங்களுக்கு முன்னால் வரிசை இருந்தது. எனக்கு நேரம் இல்லை. ஒரு மனிதன் எந்தப் பம்பில் அடிக்கிறான் என்று ஒளிந்திருந்து பார்ப்பதுதான் உங்கள் 4x4 பண்பாடா? 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டில் கியூவில் நாள் கணக்காகக் கிடந்தபோது இங்கே யார் யாருக்குக் கேனில் கொண்டுவந்து கொடுத்தேன் என்று நானும் பட்டியல் போடலாம். போடமாட்டேன். என் குணம் அது.

வெள்ளவத்தை வி6
அப்படிக் கொடுத்ததும் 92தானே அண்ணே?

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
92தான். உங்களுக்கும் ஐந்து லீட்டர் வந்தது. அன்று சராசரி கேட்டீர்களா?

தெஹிவளைத் தம்பி
அப்போ நம்பகம் என்றால்... சரி விடுங்கள். டிஆர்டி கிட் விற்கிறவர் நாளை முடிவு கேட்கிறார். ரோட்டரைச் சுழற்றிப் பார்க்க யாராவது கூட வரமுடியுமா?

கொட்டாஞ்சேனை கொமாண்டர்
நான் வருகிறேன் தம்பி. காலை எட்டு மணிக்குப் பஞ்சிகாவத்தைச் சந்தி. பெட்டியையும் எடுத்துவரச் சொல், 91 எழுதியிருக்கும் பக்கத்தை எல்லோருக்கும் படம் எடுத்துப் போடவேண்டும்.

மட்டக்குளி ஜிம்னி
எட்டு மணிக்கு நானும் வருகிறேன். கயிறு.