கணையப் புற்றுநோயும் வைட்டமின் டி-யும்: அந்த 57 சதவீதம் யாருடையது?

கூர்நோக்கன்: “வைட்டமின் டி மாத்திரை கணையப் புற்றுநோயாளியின் ஆயுளை 57 சதவீதம் கூட்டும்” என்று கதிரொளி எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாளாவிருக்க முடியவில்லை. 2014இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ரொனால்ட் எவன்ஸ் குழு வெளியிட்ட அந்த 57 சதவீதம் சுண்டெலிகளுடையது. ஜெம்சிடபின் என்ற புற்றுநோய் மருந்துடன் கால்சிபோட்ரியாலும் பெற்ற எலிகள், ஜெம்சிடபின் மட்டும் பெற்றவற்றைக் காட்டிலும் அந்த அளவு கூடுதலாக வாழ்ந்தன. கால்சிபோட்ரியால், சொரியாசிஸ் என்ற தோல்நோய்க்கான களிம்பில் சேர்க்கப்படும், வைட்டமின் டி-யை ஒத்த செயற்கைச் சேர்மம். நீங்கள் சொல்லும் மாத்திரை அன்று.

கதிரொளி: எலி என்று சொல்லிப் புறந்தள்ளுவது தங்களுக்குப் பழகிப்போன உத்தி. கட்டியைச் சூழ்ந்த ஸ்டெல்லேட் செல்கள் எனும் விண்மீன் வடிவச் செல்கள் நார்த்திசுவை இறுக வளர்ப்பதால்தான் மருந்து உள்ளே போவதில்லை. அவற்றின் வைட்டமின் டி ஏற்பியைத் தூண்டினால் அச்செல்கள் அடங்குகின்றன, ஜெம்சிடபின் கட்டிக்குள் கூடுதலாகச் சேர்கிறது. மனிதக் கட்டியிலும் இதே செல்கள் இருக்கும்போது 57 சதவீதம் ஏன் பொருந்தாது?

கூர்நோக்கன்: மறுபடியும் அதே 57! வைட்டமின் டி-யை ஒத்த இன்னொரு சேர்மமான பாரிகால்சிட்டாலைப் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துடன் கணையப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த சிறிய இரண்டாம் கட்டச் சோதனையில் கூடுதல் பலன் கிட்டவில்லை. 25,871 பேரைக் கொண்டு நடந்து 2018இல் முடிவு வெளியான வைட்டல் ஆய்விலும், நாள்தோறும் 2,000 அலகு வைட்டமின் டி புற்றுநோய் வருவதைக் குறைக்கவில்லை.

தேடலன்: வைட்டல் நோய்த்தடுப்பு ஆய்வு ஐயா. இங்கே பேச்சு சிகிச்சையைப் பற்றியது.

கூர்நோக்கன்: மாத்திரை என்று தொடங்கியவர் கதிரொளி, ஆகவே மாத்திரை ஆய்வைக் காட்டினேன். நார்த்திசுவைக் கரைக்க வந்த சரிடெகிப் என்ற மருந்தும் எலிகளிடம் நம்பிக்கை ஊட்டியதுதான். ஆனால் அதை ஜெம்சிடபினுடன் பெற்ற நோயாளிகள் மற்றவர்களைவிட முன்னதாக இறந்ததால், 2012இல் அச்சோதனையையே நிறுத்தினார்கள். இதைப் படித்தும் எலிக் கணக்கை மனிதர் தலையில் கட்டுவது பொறுப்பற்ற செயல்.

கதிரொளி: சரிடெகிப் நார்த்திசுவையே அழிக்கப் பார்த்தது, கால்சிபோட்ரியால் ஸ்டெல்லேட் செல்களைப் பழைய அமைதி நிலைக்குத் திருப்புகிறது. இந்த வேறுபாடுகூடத் தெரியாமல்தான் சென்ற மாதம் நோன்பு பற்றிய விவாதத்திலும் அனைவருக்கும் பாடம் நடத்தினீர்கள். பெம்ப்ரோலிசுமாப் நோயெதிர்ப்பு மருந்து, ஜெம்சிடபின் அன்று. ஆகவே அந்தச் சோதனை என் கேள்விக்கு விடையாகாது.

கூர்நோக்கன்: நோன்பு விவாதத்தில் விடை சொல்லாமல் விலகியவர் யார் என்பதை அங்கிருந்தவர்கள் அறிவார்கள். தங்களை நம்பி ஒரு நோயாளி மாத்திரைகளை அளவின்றி விழுங்கினால் இரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். 57 சதவீதம் எந்த மனிதரிடம் அளக்கப்பட்டது? அதை மட்டும் சொல்லுங்கள்.

கதிரொளி: வழிமுறை ஒன்றுதான் என்று முன்பே சொல்லிவிட்டேன். 57 சதவீதத்தை நான் திரும்பப் பெறப்போவதில்லை.