நடந்து சுடும் ஃபெசன்ட் வேட்டைக்கு ஓவர்-அண்டரை விட்டு சைடு-பை-சைடுக்கு மாறலாமா?

வரப்போரம்:

வணக்கம் நண்பர்களே. இருப்பது வட இங்கிலாந்து. ஷாட்கன் சர்டிஃபிகேட், பூட்டுப் பெட்டி எல்லாம் முறைப்படி இருக்கு. கையில் இருப்பது க்ளே (பறக்கவிடும் களிமண் தட்டு) சுடுவதற்கான 12 போர் (குழல் விட்ட அளவு) ஓவர்-அண்டர், அதாவது குழல்கள் ஒன்றன்மேல் ஒன்று, 30 அங்குலக் குழல், எடை 3.6 கிலோ.

அக்டோபர் 1 ஃபெசன்ட் (கோழி இனக் காட்டுப் பறவை) சீசன் தொடங்கியதும் வேலியோரமாக நாயோடு நடந்து சுடும் ஒரு சிறிய குழுவில் சேர இடம் கிடைத்திருக்கு. அங்கே பாதிக்கு மேல் சைடு-பை-சைடுதான், குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. பார்க்க அழகு, அதில் சந்தேகமே இல்லை. கேள்விகள் இவை:

அழகைத் தாண்டி உண்மையில் பயன் உண்டா? ஆயிரம் பவுண்டுக்குள் வாங்குவதென்றால் பழைய இங்கிலீஷ் துப்பாக்கியா, ஸ்பானிஷா? கடையில் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்? அந்த நிலத்தில் ஈய ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) கூடாது என்கிறார்கள், அப்படியானால் என்ன தோட்டா போடுவது?

---

பழையகுழல்:

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன். பயன் உண்டு. ஆனால் எல்லா வேலைக்கும் இல்லை.

முதல் காரணம் எடை. வேட்டைக்கென்று செய்த 12 போர் சைடு-பை-சைடு ஆறரை பவுண்டு, அதாவது 2.95 கிலோ சுமார். உங்கள் துப்பாக்கியைவிட அரைக் கிலோவுக்கு மேல் குறைவு. க்ளே மைதானத்தில் சுடும்போது மட்டும்தான் துப்பாக்கி கையில் இருக்கும். நடந்து சுடும் வேட்டையில் காலை முதல் மாலை வரை தூக்கிக்கொண்டு நடப்பதுதான் வேலை, சுடுவது இடையிடையே. உழுத வயலில் மதியத்துக்கு மேல் அந்த அரைக் கிலோவைக் கை உணரும்.

எடையைவிட முக்கியம் அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. நல்ல சைடு-பை-சைடு கீல் பின் (குழல் மடியும் அச்சு) அருகே சமநிலை கொள்ளும். பாரம் இரண்டு கைகளுக்கும் நடுவில் இருப்பதால், காலடியில் இருந்து சடாரென்று எழும் பறவைக்குத் துப்பாக்கி சட்டென்று தோளுக்கு வரும். 30 அங்குல க்ளே துப்பாக்கியில் பாரம் முன்பக்கம். ஒரே சீராக வீசிச் சுட அது நல்லது, திடீர்ப் பறவைக்குச் சோம்பல்.

இரண்டாவது, இரட்டை விசை. முன்விசை வலக்குழலைச் சுடும், பின்விசை இடக்குழலை. பழைய வழக்கப்படி வலக்குழல் இம்ப்ரூவ்டு சிலிண்டர், இடக்குழல் ஹாஃப் சோக். சோக் என்பது குழல் வாயின் குறுக்கம்: இம்ப்ரூவ்டு தளர்வு, ஹாஃப் அதைவிட இறுக்கம், ஃபுல் மிக இறுக்கம். இறுக்கம் கூடினால் ரவை நெருக்கமாகப் போகும். எழுந்து விலகிப் பறக்கும் பறவைக்கு முதல் சூடு கிட்டத்தில், இரண்டாவது எட்டத்தில், எனவே முன்விசை, பிறகு பின்விசை. பறவை எதிரே உயரத்தில் வந்தால் தலைகீழ். குழலைத் தேர்ந்தெடுக்கும் எந்த பட்டனையும் நகர்த்தாமல் விரல் மட்டும் முடிவு செய்கிறது. பிடி வளைவில்லாமல் நேராக இருப்பதும் இதற்குத்தான், கை அரை அங்குலம் பின்னே வழுக்கிப் பின்விசையைத் தொட வேண்டும். சிங்கிள் ட்ரிகர் போட்ட பழைய துப்பாக்கி மலிவாக வந்தால் விலகியே இருங்கள். அந்தப் பொறிதான் முதலில் கெடும், சரிசெய்யத் தெரிந்த கை குறைவு.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. குழல்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் கொஞ்சம் மடித்தாலே இரண்டு சேம்பரும் (தோட்டா உட்காரும் அறை) தெரியும். ஓவர்-அண்டரில் கீழ்க்குழல் மேலே வரும்வரை நிறைய மடிக்க வேண்டும். வேலி தாண்டும்போது திறந்து தோட்டாவை எடுத்துவிட்டால், துப்பாக்கி காலி என்பது தூரத்தில் நிற்பவருக்கும் தெரியும்.

இனி குறைகள். உதை. துப்பாக்கி எடை ரவை எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும் என்பது பழைய இங்கிலீஷ் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் காலத்துக் கணக்கு. 2.95 கிலோவை 96ஆல் வகுத்தால் 30 கிராம் சொச்சம், ஆகவே 28 அல்லது 30 கிராம் தோட்டாவோடு நின்றுகொள்ளுங்கள். 36 கிராம் போட்டால் தோள் மட்டுமல்ல, மெல்லிய கட்டையும் (தோளில் வைக்கும் மரப் பகுதி) அடி வாங்கும். இதை வைத்து ஒரே நாளில் 100 க்ளே சுடுவது வீண் தண்டனை, அதற்கு ஓவர்-அண்டரை விற்காமல் வைத்திருங்கள்.

சுடும்போது குழல் லேசாகக் கீழே வளைவதால் சைடு-பை-சைடு கொஞ்சம் தாழச் சுடும். அதைக் கணக்கில் வைத்துத்தான் கட்டை செய்வார்கள். ஓவர்-அண்டர் பழக்கத்தில் ரிப்பை (குழல் மேல் நீளும் பட்டை) பார்த்துக் குறி வைத்தால் பறவைக்குக் கீழே போகும். கண்முன் அகலமாகத் தெரியும் இரண்டு குழல்களையும் மறந்துவிட்டுப் பறவையை மட்டும் பாருங்கள். இடக்கை முன்கட்டையில் இல்லை, அதற்கு முன்னால் குழலையே பிடிக்க வேண்டும். அந்தச் சின்ன முன்கட்டை பிடிப்பதற்கு வைத்ததல்ல. நாலைந்து சூட்டில் குழல் சூடாகிவிடும் என்பதால் தோல் கையுறை அல்லது குழலில் மாட்டும் தோல் உறை வேண்டும்.

---

கருமருந்து:

வாங்கும் பேச்சுக்கு வருவோம். இந்தப் பணத்தில் சைடுலாக் (விசைப் பொறி பக்கத் தகட்டில் இருப்பது) தேடாதீர்கள். பூவேலை செய்த பக்கத் தகடு கண்ணைப் பறிக்கும், ஆனால் மலிவான பழைய சைடுலாக்கின் ரிப்பேர் செலவு துப்பாக்கி விலையைத் தாண்டிவிடும். பாக்ஸ்லாக் (பொறி முழுதும் நடுப் பெட்டிக்குள் இருப்பது) போதும். வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் பட்டறையில் ஆன்சனும் டீலியும் 1875இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. குழல் மடியும்போதே உள்ளே சுத்தியல் ஏறிவிடும், பாகங்கள் மிகக் குறைவு, அதனாலேயே நூறு வயதைத் தாண்டியும் ஓடுகிறது. வெப்ளி அண்ட் ஸ்காட் 700 வரிசை (பர்மிங்காமில் 1979 வரை செய்தார்கள்), ஸ்பெயினின் எய்பாரிலிருந்து வரும் ஏ.ஒய்.ஏ. நம்பர் 4, இரண்டுமே நல்ல தேர்வு. எஜெக்டர் (சுட்ட தோட்டாவை வெளியே எகிறவைக்கும் பொறி) இல்லாவிட்டால் பரவாயில்லை என்றால் ஏ.ஒய்.ஏ. யோமன் இன்னும் மலிவு.

கடையில் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியே எடுத்து, அடிப்பக்கத் தட்டையில் உள்ள முத்திரைகளை முதலில் படியுங்கள். பெயரும் பூவேலையும் பிறகு. நைட்ரோ ப்ரூஃப் முத்திரை, அதாவது புகையற்ற வெடிமருந்தின் அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்த முத்திரை, இருக்க வேண்டும். சேம்பர் நீளம் இரண்டரை அங்குலமா (65 மி.மீ.), இரண்டே முக்காலா (70 மி.மீ.) என்று இருக்கும். பக்கத்திலேயே .729 போன்ற எண், அது ப்ரூஃப் செய்தபோது குழலின் உள்விட்டம். பின்முனையிலிருந்து 9 அங்குலத்தில் அளந்தது. கடைக்காரரிடம் இப்போதைய அளவைக் கேளுங்கள். துரு தேய்த்து மெருகேற்றி மெருகேற்றி அது .740 ஆகியிருந்தால் துப்பாக்கி ப்ரூஃபை இழந்துவிட்டது. 1868ஆம் ஆண்டின் ப்ரூஃப் சட்டப்படி அதை விற்பதே குற்றம்.

உள்விட்டம் சரியாக இருந்தாலும் சுவர் மெல்லியதாக இருக்கலாம், ஏனென்றால் வெளிப்பக்கமும் தேய்த்திருப்பார்கள். சுவர்த் தடிமனுக்கு ப்ரூஃப் சட்டத்தில் வரம்பு இல்லை. தொழில்காரர்கள் வைத்திருக்கும் கோடு 20 தவ், அதாவது ஒரு அங்குலத்தை ஆயிரமாகப் பகுத்தால் 20 பங்கு. இரண்டு குழலின் மிக மெல்லிய இடத்தையும் கருவி வைத்து அளந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

அடுத்து ரிப். குழலின் அடிக்கொக்கியில் ஒரு விரலை மாட்டித் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். கணீரென்று நீண்டு ஒலித்தால் நல்லது. தொப்பென்று அடங்கினால் ரிப்பின் பற்றவைப்பு எங்கோ விட்டிருக்கிறது. அந்த இடைவெளியில் ஈரம் புகுந்து குழலை வெளியிலிருந்தே தின்னும்.

பிறகு ஆட்டம். முன்கட்டை இல்லாமல் குழலை மாட்டி மூடி, பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் குலுக்குங்கள். முன்கட்டை இருந்தால் அதன் இறுக்கம் ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்வது. ஆட்டம் இருந்தால் கொக்கியும் கீல் பின்னும் தேய்ந்து, குழலுக்கும் ஆக்‌ஷன் (விசைப் பொறி உள்ள உலோகப் பகுதி) முகப்புக்கும் நடுவில் சந்து விழுந்திருக்கிறது. சரிசெய்யலாம்: பெரிய பின் போடுவார்கள், அல்லது கொக்கியில் உலோகம் ஏற்றி மறுபடி படியவைப்பார்கள். செலவை விலையில் கழிக்கவும். மேல் நெம்புகோலையும் பாருங்கள். மூடியபின் நடுவிலோ சற்று வலப்பக்கமோ நின்றால் சரி. நடுவைத் தாண்டி இடப்பக்கம் போயிருந்தால் பூட்டு தேய்ந்தாயிற்று.

எஜெக்டரைச் சோதிக்க டம்மித் தோட்டா இரண்டு வேண்டும், காலியாக விசையை இழுக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் சுட்டுத் திறந்தால் அந்த ஒன்று மட்டும் எகிற வேண்டும். இரண்டும் சுட்டால் இரண்டும் ஒரே நேரத்தில். சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்திவிட்டு விரலை எடுங்கள், பிறகு சேஃப்டியை எடுங்கள். அப்போது உள்ளே சுத்தியல் விழுந்தால் வாங்கவே கூடாது. விசை கனம் முன்னதில் மூன்றரை பவுண்டு, பின்னதில் 4 இருந்தால் போதும்.

கட்டையில், ஆக்‌ஷனுக்குப் பின்னால் மயிரிழை வெடிப்பு. அந்த இடம் கறுத்து எண்ணெய் ஊறியிருந்தால் மரம் நார்நாராகப் போயிருக்கும், திருகு பிடிக்காது. குழல் மேல் “ஸ்லீவ்டு” என்று இருந்தால் பயப்பட வேண்டாம். பழைய பின்முனையில் புதுக்குழல் செருகியது, முறையாக ப்ரூஃப் ஆகியிருந்தால் உழைப்பாளித் துப்பாக்கி, விலையும் பாதி. சேகரிப்பவர்களுக்குத்தான் அது பிடிக்காது.

---

வடமராட்சியான்:

தோட்டா பற்றி நான் சொல்லுறன். இரண்டரை அங்குல சேம்பருக்கு 65 அல்லது 67.5 மி.மீ. தோட்டாதான். 70 மி.மீ. தோட்டா உள்ளே போகும், மூடவும் ஏலும், அதுதான் ஆபத்து. விரியிற வாய்க்கு இடம் இல்லாமல் அழுத்தம் கூடும். பெட்டியில என்ன எழுதியிருக்கெண்டு பாத்து வாங்குங்கோ.

ஈயத்துக்குப் பதிலா ரெண்டு வழி. உருக்கு ரவை மலிவு, ஆனால் கடினம், பழைய மெல்லிய இங்கிலீஷ் குழலுக்குள்ள அதைப் போடவே வேண்டாம். இறுக்கமான சோக்கில குழல் வாயில வீக்கம் மாதிரி ஒரு வளையம் எழும்பும், ரிப்பும் விடும். 70 மி.மீ. சேம்பர், நைட்ரோ ப்ரூஃப், நல்ல தடிமன், ஹாஃப் சோக் அல்லது அதுக்குக் குறைவு எண்டால் ஸ்டாண்டர்ட் ஸ்டீல் (அழுத்தம் குறைந்த சாதாரண உருக்குத் தோட்டா) போடலாம். அப்பவும் துப்பாக்கியை ஒரு தொழில்காரரிட்ட காட்டிப்போட்டுப் போடுங்கோ.

மற்றது பிஸ்மத். ஈயத்தின்ர அடர்த்தி 11.3, பிஸ்மத் 9.6 அளவில, உருக்கு 7.8. மெத்தெண்டு இருக்கிறதால பழைய சோக்குக்கும் பாதகமில்லை. விலை மட்டும் கண்ணில தண்ணி வரும். ஆனால் நடந்து சுடுற நாளில எத்தனை தோட்டா போகப்போகுது? க்ளேக்கு இல்லை, வேட்டைக்கு மட்டும் எண்டால் தாங்கலாம். ரவை நம்பர் குறையக் குறைய ரவை பெரிசு. ஈயத்தில 6ஆம் நம்பர் போட்டால் பிஸ்மத்தில 5, உருக்கில 4.

இங்கிலாந்தில 1999இல இருந்தே வாத்துக்கு ஈயம் தடை. வேட்டை ஈய ரவையைக் கட்டுப்படுத்தப் போறம் எண்டு அரசாங்கம் 2025இல அறிவிச்சும் போட்டுது. இப்ப வாங்குற துப்பாக்கியை அதை மனசில வச்சு வாங்குங்கோ. அதனால நான் இங்கிலீஷை விட 70 மி.மீ. ஸ்பானிஷ் பக்கம்தான்.

வாங்கின பிறகு 40 யார்டில பெரிய கடதாசியில சுட்டுப் பாருங்கோ. 30 அங்குல வட்டத்துக்குள்ள இம்ப்ரூவ்டு சிலிண்டர் பாதி ரவையைப் போடவேணும், ஹாஃப் 60 வீதம், ஃபுல் 70. இங்கிலீஷ் 6ஆம் நம்பர் 30 கிராமில 285 ரவை அளவில இருக்கும், அப்ப இம்ப்ரூவ்டில 140 சொச்சம். ஃபெசன்ட்டுக்கு அது தாராளம். ரெண்டு குழலையும் ஒரே புள்ளிக்குச் சுட்டு, ரெண்டு கூட்டமும் ஒண்டில ஒண்டு விழுகுதா எண்டும் பாருங்கோ. விலகி விழுந்தால் குழல் சேர்த்த விதமே பிழை, அதுக்கு மலிவான மருந்து இல்லை.

---

நெறியாளர்:

திரி பிரிட்டன் சட்டத்துக்கு உட்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1991 திருத்தத்துக்குப் பிறகு அங்கே பறவை வேட்டை என்ற பேச்சே இல்லை. தாத்தா வைத்திருந்த டபுள் பேரல் பற்றிய லைசென்ஸ் கேள்விகளுக்குத் தனித் திரி தொடங்கவும்.

---

வரப்போரம்:

எல்லாருக்கும் நன்றி. கடையில் இரண்டு பார்த்தேன். ஒன்று பர்மிங்காம் பாக்ஸ்லாக், எஜெக்டர், இரண்டரை அங்குல சேம்பர், உள்விட்டம் சரி, ஆனால் இடக்குழலில் ஓரிடத்தில் 18 தவ். மற்றது ஏ.ஒய்.ஏ. நம்பர் 4, 28 அங்குலம், 70 மி.மீ., சோக் ஹாஃப்பும் ஃபுல்லும், முன்கட்டை கழற்றினால் லேசான ஆட்டம். விலை ஏறக்குறைய ஒன்றே.

---

கருமருந்து:

18 தவ் என்பது சட்டப்படி தவறில்லை. ஆனால் அந்த இடத்தில் ஒரு சொட்டை விழுந்தால் உள்ளிருந்து தள்ளி எடுத்து மெருகேற்ற உலோகம் மிச்சமில்லை. வேலி, வாயில், ஜீப் என்று அடிபடும் துப்பாக்கிக்கு அது பொருந்தாது. ஏ.ஒய்.ஏ.வை எடுங்கள். ஆட்டத்தைக் கடைக்காரரே சரிசெய்து தரவேண்டும் என்று விலை பேசும்போதே எழுதி வாங்குங்கள், “போகப் போகச் சரியாகும்” என்பது பொய், கூடத்தான் செய்யும். அதே பட்டறையில் ஹாஃப்பை இம்ப்ரூவ்டு சிலிண்டராகவும் ஃபுல்லை ஹாஃப்பாகவும் திறக்கச் சொல்லுங்கள். திறந்ததை மறுபடி இறுக்க முடியாது, எனவே முதலில் நீங்கள் போடப்போகும் தோட்டாவிலேயே 40 யார்டில் சுட்டுப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.

---

பழையகுழல்:

கட்டை நீளத்தையும் அதே பட்டறையில் பார்த்துவிடுங்கள். முன்விசையிலிருந்து கட்டையின் பின்முனை நடுவரை 14½ அங்குலம் என்பது சராசரி இங்கிலீஷ்காரர் அளவு. நம்மில் பலருக்கு 14 போதும். அரை அங்குலம் நீண்டால் கோட்டுக்குள் சிக்கும். வளைவு பக்கவாட்டில் தப்பாக இருந்தால் மரத்தைச் சூடாக்கி வளைப்பார்கள், வெட்ட வேண்டியதில்லை.

மழையில் போய் வந்தால் மூன்றாகக் கழற்றித் துடைத்து, கீல் பின்னில் பட்டாணி அளவில் பாதி கிரீஸ். பெட்டிக்குள் ஓரிரு நாள் குழல்வாய் கீழே இருக்குமாறு வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் எண்ணெய் வழிந்து கட்டையின் தலைக்கு இறங்கும், மேலே சொன்ன கறுப்பு மரம் அப்படித்தான் வருகிறது. திருகுகளை நீங்கள் தொடாதீர்கள், சாதாரண ஸ்க்ரூடிரைவர் அந்த மெல்லிய பிளவைக் கிழித்துவிடும்.