ஒன்டாரியோ ஏரியில் விடியற்காலைச் சால்மன்: போய் வந்தவர்களும் எழுதுங்கள்

கப்டனோடு வாடகைக்கு வருகிற சார்ட்டர் போட்டில் காசு கட்டிப் போய்ச் சால்மன் பிடிப்பது பிரயோசனமா இல்லையா என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. நான் ஜூலைக் கடைசியில், ரொறன்ரோவுக்குக் கிட்ட ஏரியின் வடக்குக் கரையில் உள்ள போர்ட் கிரெடிட்டில் இருந்து போய் வந்தேன். எத்தனை மீன், எத்தனை இறாத்தல் என்ற கணக்கை விட்டுவிட்டு, போட்டில் உண்மையில் என்ன நடக்கிறது என்று எழுதுகிறேன். ஏனென்றால் அங்கே அவர்கள் முதலில் தேடுவது மீனை அல்ல, குளிர்ந்த தண்ணீரை.

இருட்டோடு வெளிக்கிட்டோம். கப்டனும், உதவிக்கு ஒரு பெடியனும். உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று காட்டி முடித்ததும் கப்டன் எடுத்த முதல் கதை காற்றைப் பற்றித்தான். முதல் நாள் பின்னேரம் தொடங்கி இரவு முழுக்க வாடைக்காற்று அடித்திருந்தது. மனுசனுக்கு அதில் சரியான சந்தோசம். வடக்கில் இருந்தோ மேற்கில் இருந்தோ காற்று ஊன்றி அடித்தால், மேல்மட்டத்துச் சூட்டுத் தண்ணீரை அமெரிக்கப் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை நிரப்ப அடியில் கிடக்கிற குளிர்த்தண்ணீர் எங்கள் கரையோரம் மேலே கிளம்பி வரும். கிழக்கில் இருந்து வருகிற கொண்டல் என்றால் நேரெதிர். சூட்டுத் தண்ணீர் எல்லாம் இந்தப் பக்கம் வந்து குவிய, குளிர் ஆழத்துக்கு இறங்கும், மீனும் அதோடு இறங்கும். அதிகபட்சம் 244 மீற்றர் ஆழம் உள்ள ஏரி இது. இறங்குகிற மீனுக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை.

சினூக் சால்மனுக்குச் சுகமான தண்ணீர் ஏறத்தாழ 10 முதல் 13 பாகை செல்சியஸ். அன்றைக்கு அந்தக் குளிர் ஐம்பது, அறுபது அடியில் கிடந்தது. கப்டனின் மீன் தேடுகிற சோனார் திரையில் அந்த ஆழத்தில் ஒரு மங்கலான பட்டை ஓடியது. மேல்சூடும் அடிக்குளிரும் சந்திக்கிற அந்தப் படைக்குத்தான் தெர்மோகிளைன் என்று பெயர். ஏல்வைஃப் என்கிற சின்ன மீன்கள் அதை ஒட்டிக் கும்பலாக நிற்கின்றன. அதற்குக் கொஞ்சம் கீழே, வளைந்த கோடுகளாகப் பெரியவர்கள். அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கே நான் திரும்பவும் காசு கட்டுவேன்.

இரையை அந்த ஆழத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே வைத்திருப்பதுதான் அடுத்த வேலை. அதற்குத்தான் டவுன்ரிகர். போட்டின் பின்பக்கத்தில் பூட்டிய ஒரு சின்ன வின்ச், அதில் உருக்குக் கம்பி, கம்பி நுனியில் 12 இறாத்தல் ஈயக்குண்டு. தூண்டில் தங்கூசியைக் குண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிளிப்பில் கவ்வக் கொடுத்துக் குண்டை இறக்குகிறார்கள். மீன் அடித்தவுடன் கிளிப் விட்டுவிடும். அதற்குப் பிறகு மீனுக்கும் எங்களுக்கும் நடுவில் குண்டு இல்லை, வெறும் தங்கூசி மட்டும். பக்கவாட்டுத் தடிகளில் டிப்சி டைவர் என்கிற வட்டத் தகடு. அது தண்ணீரில் இழுபடும்போது இரையைச் சரித்து வெளிப்பக்கமாகக் கொண்டுபோகும். அவ்வளவு தடிகளும் ஒன்றோடொன்று சிக்காமல் இருட்டுக்குள் விரித்தது அந்தப் பெடியன். ஸ்பூன் என்கிற தகட்டு இரைகளை ஒவ்வொன்றாகத் தன் தலைவிளக்கின் முன்னால் கொஞ்ச நேரம் பிடித்து ஒளி ஏற்றிவிட்டுத்தான் தண்ணீருக்குள் விட்டான். பச்சையாக மினுங்கி ஆடிக்கொண்டே இறங்கியது. ஏரித் தண்ணீர் தெளிவு என்பதால் கனதூரம் வரை தெரிந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது வேகத்தின் கதை. ஜிபிஎஸ் மணிக்கு 2.4 மைல் என்று காட்டுகிறது. குண்டுக்கு மேலே கட்டியிருந்த இன்னொரு கருவி கீழே உள்ள வேகத்தையும் வெப்பநிலையையும் மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. அது 1.8 என்றது. மேல்தண்ணீர் ஒரு பக்கம் போக அடித்தண்ணீர் வேறு பக்கம் ஓடுகிறது. நாங்கள் ஒரே சீராகப் போவதாக நினைக்க, கீழே ஸ்பூன் ஆடாமல் செத்துக் கிடக்கிறது. கப்டன் எஞ்சினைக் கொஞ்சம் கூட்டினார், பிறகு போட்டை அரைவட்டமாகத் திருப்பினார். திரும்பி நேரான கொஞ்ச நேரத்திலேயே முதல் தடி அடித்தது. அதிர்ஷ்டம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

மீன் அடிப்பது எப்படித் தெரியும் என்றால், குண்டின் இழுவையில் வளைந்து நிற்கிற தடி முதலில் விசுக்கென்று நிமிரும். கிளிப் விட்டுவிட்டது என்று அர்த்தம். தளர்ந்த தங்கூசியை உடனே சுற்றி எடுக்க வேண்டும். அடுத்த கணம் தடி தண்ணீரைத் தொடுகிற மாதிரிக் குனியும். ரீலில் அடி காட்டுகிற இலக்கம் இருக்கிறது: 160, 230, 310 என்று ஓடிக்கொண்டே போனது. அந்த நேரம் ரீலில் கை வைக்கக் கூடாது, மீனை ஓடவிட வேண்டும். சினூக் பெரும்பாலும் துள்ளாது. ஆழத்துக்குப் போய் நின்று தலையை உதறும். அந்த உதறல் ஒவ்வொன்றும் தடி வழியாக முழங்கை வரை வந்து இடிக்கும். துள்ளிக் கூத்தாடுவது ஸ்டீல்ஹெட் என்கிற ட்ரவுட் மீன். போட்டுக்குக் கிட்ட வந்து வெள்ளையாக ஒரு பளிச் தெரிந்ததும் சரி, முடிந்தது என்று நினைத்தேன். அது போட்டைக் கண்டுவிட்டுத் திரும்ப ஒரு ஓட்டம் ஓடியது. கடைசியில் தலை முன்னால் வர, பெடியன் அத்தாங்கை அதன் கீழே கொடுத்துத் தூக்கினான்.

வெளியே எடுத்த புதிதில் முதுகில் ஒரு ஊதா மினுக்கம் இருக்கும், பார்த்துக்கொண்டிருக்கவே மங்கிவிடும். வாயைத் திறந்து காட்டினார் கப்டன்: முரசு முழுக்கக் கறுப்பு, வாலின் இரண்டு பாதியிலும் புள்ளி. கோஹோ என்கிற மற்றச் சால்மன் இனம் என்றால் பல் முளைக்கிற இடத்தில் முரசு வெளிறி இருக்கும். பக்கச் செட்டைக்குப் பின்னால் வட்டமாக ஒரு குழிப்புண், செதிள் இல்லாமல் சிவந்து கிடந்தது. விலாங்கு போல நீண்ட கடல் லாம்ப்ரே ஒட்டி இரத்தம் குடித்த இடம். இந்தப் பேரேரிகளின் மீன்வளத்தையே ஒரு காலத்தில் தின்று தீர்த்த பிராணி அது. 1955இல் கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து அமைத்த பேரேரிகள் மீன்வள ஆணைக்குழு, லாம்ப்ரே குஞ்சுகள் இருக்கும் ஆறுகளில் டிஎஃப்எம் என்ற மருந்தை விட்டு அதைக் கட்டுப்படுத்தி வருகிறது. முற்றாக ஒழியவில்லை என்பதற்கு என் மீனே சாட்சி.

சினூக் இந்த ஏரியின் பூர்வீக மீனும் இல்லை, பசிபிக் கடல் பக்கத்து மீன். இங்கே இருந்தது அத்லாந்திக் சால்மன். அணைகளாலும் காடழிப்பாலும் கணக்கில்லாமல் பிடித்ததாலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போனது. பிறகு பேரேரிகளில் ஏல்வைஃப் அளவுக்கு மீறிப் பெருகிச் செத்துக் கரை எல்லாம் நாறத் தொடங்க, அதைத் தின்ன ஆள் வேண்டும் என்று 1966இல் மிச்சிகன் மாநிலம் கோஹோவை விட்டது, அடுத்த வருடம் சினூக். ஒன்டாரியோ ஏரிக்கும் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் வந்துவிட்டது. இப்போது அதே ஏல்வைஃப் குறைந்துவிடக் கூடாதே என்று கணக்குப் பார்த்துக் குஞ்சு விடுகிறார்கள்.

ஒரு குறை மட்டும். எங்களோடு வந்தவர்களில் பாதிப்பேர் தடி அடிக்கும்வரை போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அப்படிப் போவதானால் மீனை வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்கலாம். கப்டனிடம் கேளுங்கள், திரையைக் காட்டச் சொல்லுங்கள், ஒரு தடியை நீங்களே இறக்கிப் பாருங்கள். பெரிய மீனோடு படம் போடுகிற கப்டனை விட, கேட்டதற்குப் பதில் சொல்கிற கப்டன்தான் எனக்கு வேண்டும்.

* * *

அண்ணை, நல்லா எழுதியிருக்கிறீங்கள். ஆனா சத்தியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்ல. கடல்ல போய் வந்த ஆள் நான், ஏரிதானே எண்டுதான் ஏறினது. ஏரியில அலை உயரமில்லை, ஆனா ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நெருக்கி நெருக்கி வரும். இரையை இழுத்துக்கொண்டு மெதுவாப் போற ட்ரோலிங் வேகத்தில போட் முன்னுக்கும் போகாம பின்னுக்கும் போகாம ஆடிக்கொண்டே நிக்கும். எனக்குத் தலை சுத்தத் தொடங்கினதும் அந்தக் கப்டன் கபினுக்குள்ள போகவேண்டாம் எண்டு மறிச்சிட்டார். வெளியில நிண்டு தூரத்துக் கரையைப் பாக்கச் சொன்னார். உண்மையா அது வேலை செய்தது. குளிசை போடுறதெண்டா வெளிக்கிட முதலே போடவேணும், தலை சுத்தின பிறகு போட்டு ஒரு பிரயோசனமும் இல்லை. டீசல் மணம் வாற பக்கம் நிக்காதேங்கோ. மீன்? பிடிச்சது. ரெண்டு சத்திக்கு நடுவில.

* * *

குளிரைத் தேடுவது சரி. ஆனால் அது கோடைக்குத்தான் பொருந்தும். நான் ஓகஸ்ட் கடைசியில் ஸ்காபரோ பிளஃபர்ஸ் பார்க்கில் இருந்து போனேன். அந்த நேரம் முட்டையிடத் தயாரான சினூக் ஆற்று வாய்களைத் தேடிக் கரைக்குக் கிட்ட வந்துவிடும். வெப்பநிலை அவ்வளவு பெரிய விசயம் இல்லை. முப்பது, நாற்பது அடித் தண்ணீரில் எல்லாப் போட்டும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டு நின்றன. நிறமும் வெள்ளி இல்லை, பித்தளை போலக் கறுத்துப்போய் இருக்கும். பசியும் குறைந்துவிடும், எரிச்சலில்தான் இரையைக் கடிக்கிறது என்று எங்கள் கப்டன் சொன்னார். ஃபிளாஷர் என்கிற சுழலும் பலகையை முன்னால் விட்டு அதன் மூக்குக்கு முன்னால் ஆட்டிக் கோபப்படுத்துகிற வேலை. வெளிச்சம் வர முதல் நடந்ததுதான் எல்லாம். சூரியன் ஏறியதும் ஏரி செத்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மிகப் பெரிய மீன் போட்டுக்கு அடியால் ஓடி, அந்தப் பக்கத்து டவுன்ரிகர் கம்பியில் தங்கூசி உரசி அறுந்துபோனது. பெரிய மீன் என்று தெரிந்தவுடனேயே மற்றக் குண்டுகளைத் தூக்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல கப்டன் கேட்காமலே தூக்குவார்.

சமைக்கப் போகிறீர்கள் என்றால் ஜூலை மீன்தான். செப்டெம்பர் மீனின் தசை வெளிறி இளகி இருக்கும். ஆற்றுக்கு ஏறி முட்டையிட்டுச் சாகப் போகிற மீன் அது.

* * *

எங்களுக்கு ஒரு சால்மன்கூட இல்லை, அதையும் யாராவது எழுதத்தானே வேண்டும். போன கிழமை முழுக்கக் கொண்டல். மேலே முதலாவது பதிவைப் படித்த பிறகுதான் காரணம் விளங்கியது. கப்டன் விடாமல் வெளியே வெளியே ஓடினார். எழுபது அடியிலும் சூட்டுத் தண்ணீர், நூறடியிலும் திருப்தி இல்லை. கடைசியில் குண்டை ஏறத்தாழ அடித்தளம் வரைக்கும் இறக்கி மெதுவாக இழுத்ததில் ஒரு லேக் ட்ரவுட் வந்தது. வாலில் ஆழமான வெட்டு, உடம்பு முழுக்க வெளிர்ப் புள்ளி, அழகான மீன். ஆனால் சண்டை என்று ஒன்றும் இல்லை, பாரமாக ஏறி வந்தது. எனக்கு மனவருத்தம் மீன் இல்லை என்பதில் இல்லை. காற்று இப்படி இருக்கிறது, நாள் மாற்றுகிறீர்களா என்று முதல் நாளே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அந்த மனுசன். முற்பணம் கட்டும்போதே இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

* * *

இரண்டு கேள்வி. லைசென்ஸ் போட்டில் தருவார்களா? அந்த ஏரி மீனைச் சாப்பிடலாமா? வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

* * *

முதல் பதிவு எழுதியவன்தான். லைசென்ஸ் உங்கள் பொறுப்பு, போட்டில் ஏற முதலே எடுத்து வைத்திருங்கள். 18 வயது முதல் 64 வரை உள்ளவர்களுக்கு மாகாண அரசின் அவுட்டோர்ஸ் கார்டும் மீன்பிடி லைசென்ஸும் வேண்டும். ஒரு நாளைக்கு மட்டும் என்றால் ஒருநாள் லைசென்ஸ் இருக்கிறது, அதற்குக் கார்டு தேவையில்லை. எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பது மீன்பிடி மண்டலத்துக்கு மண்டலம் மாறும். ஒன்டாரியோ ஏரி 20ஆவது மண்டலம், அந்த வருடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பிடலாம், அளவோடு. மாகாண அரசு மீன் உண்ணும் வழிகாட்டி ஒன்றை வெளியிடுகிறது. எந்த இடத்து மீன், எந்த இனம், எத்தனை சென்ரிமீற்றர் நீளம் என்று பார்த்தால் மாதத்துக்கு எத்தனை தரம் சாப்பிடலாம் என்று இருக்கும். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் தனிக் கணக்கு, அது குறைவு. மீன் பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கையும் குறையும், அதனால் பிள்ளைகளுக்கு என்றால் சின்ன மீனை எடுத்து வாருங்கள். பிசிபி என்கிற இரசாயனம் கொழுப்பில்தான் சேரும். மீன் வெட்டித் தருகிற பெடியனிடம் தோலையும், வயிற்றுப் பக்கக் கொழுப்பையும், நடுப்பக்கத்தில் ஓடுகிற கபில நிறத் தசையையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். பாதரசம் தசை முழுக்க இருக்கும், அதை வெட்டி எடுக்க முடியாது. அதற்கு அட்டவணை சொல்கிற அளவுதான் ஒரே வழி.